தென்னை வைக்க வந்தவர்களுக்கு

கணினி விளையாட்டுத் தொழிலுக்கு நான் வந்து 26 வருடம் ஆகிறது. ஆரம்பத்தில் வெளிநாட்டு கேம்களுக்கு மரம், பாறை, வீட்டுக்கூரை வரைந்து கொடுக்கும் கூலி வேலை. பிறகு சொந்தமாக இரண்டு ஸ்ட்ராட்டஜி கேம். ஒன்று படுத்துவிட்டது. இன்னொன்று இன்றைக்கும் மாதாமாதம் மளிகைச் செலவுக்குக் கொடுக்கிறது. இதை வைத்துக்கொண்டு நான் பெரிய ஆள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் கல்லூரி முடித்த கையோடு என்னைத் தேடி வரும் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: “சார், ஸ்ட்ராட்டஜி கேம் ஓடுமா? இல்ல, ஷூட்டர் பக்கம் போயிடலாமா?”

ஓடுமா என்று மட்டும் கேட்டால் பதில் சொல்ல முடியாது. கீரை விதைத்தவர் ஒரு மாதத்துக்குள் கட்டுக் கட்டிச் சந்தைக்குப் போய்விடுகிறார். தென்னை வைத்தவர் சில வருடம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே காத்திருக்கிறார்; பாளை வெடித்த பிறகு பல வருடம் ஏணி சாத்திக்கொண்டே இருக்கிறார். எது லாபம் என்பது அவரவர் நிலத்தையும் தண்ணீரையும் கையிருப்பையும் பொறுத்தது. ஸ்ட்ராட்டஜி கேம் தென்னை. வைக்கத் துணிந்துவிட்ட தம்பி தங்கைகளுக்கு, பட்டும் பார்த்தும் தெரிந்துகொண்ட பன்னிரண்டு விஷயங்களைச் சொல்கிறேன்.

1. “அந்தக் காலம் போச்சு” என்பவரிடம் எக்ஸ்காம் கதையைச் சொல்லுங்கள்

1994-இல் இங்கிலாந்தில் ஜூலியன் கோலப் வடிவமைத்த கேம் எக்ஸ்காம். வேற்றுக்கிரகத்தார் படையெடுத்து வருவார்கள். நாம் ஒரு முறை நகர்த்தினால் அவர்கள் ஒரு முறை நகர்த்துவார்கள். அந்தப் பெயரின் உரிமை பிற்பாடு 2கே என்ற அமெரிக்க நிறுவனத்திடம் வந்து சேர்ந்தது. 2010-இல் அவர்கள் அதே பெயரில் ஒரு ஷூட்டரை அறிவித்தார்கள். பழைய ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். 2011-இல் நிறுவனத் தலைவர் கிறிஸ்டோஃப் ஹார்ட்மன் ஒரு பேட்டியில், ஸ்ட்ராட்டஜி கேம் இந்தக் காலத்துக்கு ஒத்துவராது என்று சொன்னார். ரே சார்ல்ஸ் இன்றைக்குப் பாட வந்தால் கான்யே வெஸ்ட் பாணியில்தான் பாடுவார் என்று விளக்கமும் கொடுத்தார்.

வேடிக்கை என்னவென்றால், அதே 2கேயின் இன்னொரு ஸ்டூடியோவான ஃபிராக்சிஸ் அப்போது சத்தம் காட்டாமல் அதே எக்ஸ்காமை முறை வைத்து ஆடும் கேமாகவே செய்துகொண்டிருந்தது. 2012 அக்டோபரில் அது வெளியானது. விமர்சகர்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். 2016-இல் இரண்டாம் பாகமும் வந்தது. ஷூட்டரோ பெயர் மாறி, உரு மாறி, 2013-இல் ‘தி பீரோ’ என்று வந்து, வந்த சுவடு தெரியாமல் போனது. 1993-இன் சிண்டிகேட் என்ற ஸ்ட்ராட்டஜி கேமை ஈஏ நிறுவனம் 2012-இல் ஷூட்டராக மாற்றிப் பார்த்தது. அதுவும் கைகொடுக்கவில்லை.

ஷூட்டர் சந்தை பெரிது, மறுக்கவில்லை. அங்கே கடை போட்டிருப்பவர்களும் பெரியவர்கள். ஸ்ட்ராட்டஜி கேமுக்குத் துப்பாக்கி மாட்டி அந்தத் தெருவுக்கு அனுப்பினால் பழைய வாடிக்கையாளர் கோபித்துக்கொள்வார். புதியவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

2. அதற்காகக் கூட்டம் அலைமோதும் என்றும் நம்பிவிடாதீர்கள்

விளையாடுவோரின் மனப்போக்கை ஆராயும் குவாண்டிக் ஃபவுண்ட்ரி 2024-இல் ஒரு முடிவை வெளியிட்டது. 2015-இன் சராசரி ஆட்டக்காரருக்கு யோசித்துத் திட்டமிட்டு ஆடுவதில் இருந்த ஆர்வம், இன்று ஆடுபவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு இல்லை என்பதே அது. நாங்கள் கண்ணால் பார்த்ததும் அதுதான். 1992-இல் ‘டூன் 2’, 1995-இல் ‘கமாண்ட் அண்ட் காங்கர்’ என்று நேரடிப் படை நடத்தும் கேம்களுக்குப் பாதை போட்ட வெஸ்ட்வுட் ஸ்டூடியோ 2003-இல் மூடப்பட்டது. 1998-இன் ஸ்டார்கிராஃப்டை தென்கொரியாவில் தொலைக்காட்சியிலேயே போட்டி வைத்துப் பார்த்தார்கள். அதன் இரண்டாம் பாகத்துக்கு விலை வைத்து விற்கும் புதுச் சரக்கு செய்வதை 2020-இல் பிளிஸார்ட் நிறுத்திக்கொண்டது.

அந்தக் கூட்டம் எங்கே போனது? 2002-இன் வார்கிராஃப்ட் 3-க்கு ஆட்டக்காரர்களே உருவாக்கிய வரைபடம் ஒன்று இருந்தது, டோட்டா என்று. படை, வீடு, விறகு எல்லாவற்றையும் தூக்கிவிட்டு ஒரே ஒரு வீரனை மட்டும் உங்கள் கையில் கொடுத்தது அது. அதிலிருந்து கிளம்பியவைதான் 2009-இன் லீக் ஆஃப் லெஜெண்ட்ஸும் 2013-இன் டோட்டா 2-உம். கூட்டுக்குடும்பத்தில் பிறந்த பிள்ளை தனிக்குடித்தனம் போய்ப் பெரும் பணக்காரன் ஆன கதை. பழைய வீட்டில் மிச்சம் இருப்பவர்கள் குறைவு. ஆனால் அவர்கள் அசையாமல் இருப்பவர்கள். உங்கள் வாடிக்கையாளர்கள் அவர்கள்தான்.

3. கணக்கைக் கடைசியிலிருந்து போடுங்கள்

“முதலில் நல்ல கேம் செய்வோம், பணம் தானாக வரும்” என்பவரோடு கூட்டுச் சேராதீர்கள். பென்சிலை எடுங்கள்.

ஐந்து பேர், ஆளுக்கு மாதம் 60,000 ரூபாய், இரண்டு வருடம்: 72 லட்சம். இசை, மொழிபெயர்ப்பு, கணினி, வாடகை, கரண்ட் பில் என்று இன்னும் 18 லட்சம் வையுங்கள். மொத்தம் 90 லட்சம். கேமின் விலை 20 டாலர். தள்ளுபடி, நாட்டுக்கு நாடு குறைத்து வைக்கும் விலை, வரி, திருப்பிக் கொடுக்கும் பணம் எல்லாம் கழிந்து ஒரு பிரதிக்குச் சராசரியாக 10 டாலர் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஸ்டீம் கடைக்கு 30 சதவீதம். மீதி 7 டாலர். டாலர் 85 ரூபாய் என்றால் 595 ரூபாய். போட்ட முதல் திரும்பவே 15,000 பிரதிக்கு மேல் விற்க வேண்டும். பப்ளிஷர் இருந்தால் அவர் பங்குக்கும் சேர்த்து இன்னும் சில ஆயிரம்.

15,000 என்பது ஸ்ட்ராட்டஜி கேமுக்கு எட்ட முடியாத எண் அல்ல. ஆனால் அதே கேமை இருபது பேர் வைத்துச் செய்தால் 60,000 பிரதி தேவைப்படும். கேம் நான்கு மடங்கு நன்றாக இருக்குமா என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். இந்தத் தொழிலில் பல கேம்கள் விற்காததால் நஷ்டப்படவில்லை. விற்றும் நஷ்டப்பட்டன, ஏனென்றால் ஷூட்டருக்குப் போடும் முதலை அவற்றில் போட்டிருந்தார்கள்.

4. தென்னை எவ்வளவு நாள் காய்க்கும் என்று பாருங்கள்

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 வெளிவந்தது 1999-இல். அன்றைக்கு அதை பிரவுசிங் சென்டரில் ஆடிய பையன்களின் பிள்ளைகள் இப்போது ஆடுகிறார்கள். 2013-இல் தெளிவான படத்தோடு மறுபதிப்பு. 2019-இல் முழுசாகப் புதுப்பித்த பதிப்பு. 2022 ஏப்ரலில், அதாவது பிறந்து 23-ஆம் வருடம், ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’ என்ற கூடுதல் பாகம் விற்பனைக்கு வந்தது. அதில் திராவிடர் என்றொரு நாகரிகம். சுருள்வாள் சுழற்றும் வீரர்கள். கட்டளை இட்டால் தமிழில் பதில் சொல்கிறார்கள். ராஜேந்திர சோழனின் போர்கள் தனிக்கதையாகவே இருக்கின்றன. 1999-இல் வெளிவந்த எத்தனை ஷூட்டருக்கு இன்றைக்குப் புதிதாக ஒரு பாகம் விற்க முடியும்?

காரணம் எளிது. ஷூட்டரின் கவர்ச்சியில் பெரும்பங்கு படத்தின் மினுமினுப்பு; அது மூன்று வருடத்தில் மங்கிவிடும். ஸ்ட்ராட்டஜி கேமின் கவர்ச்சி விதியில் இருக்கிறது. விதிக்கு வயதாவதில்லை.

5. மரத்தின் பட்டா யார் பெயரில்?

மேலே சொன்ன கதைக்கு ஒரு கசப்பான மறுபக்கம் உண்டு. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸை உருவாக்கிய என்செம்பிள் ஸ்டூடியோவை மைக்ரோசாஃப்ட் 2001-இல் வாங்கியது, 2009-இல் மூடியது. 2013-க்குப் பிறகு வந்த வருமானத்தில் அந்த ஸ்டூடியோவுக்கு என்று ஒரு ரூபாய் கிடையாது, ஸ்டூடியோவே இல்லை. பிந்தைய பாகங்களைச் செய்த ஃபர்காட்டன் எம்பயர்ஸ் குழுவினர் யார் தெரியுமா? அந்தக் கேமுக்கு ஆசையாக மாற்றங்கள் செய்துகொண்டிருந்த ரசிகர்கள்.

“தென்னையை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான்” என்று ஊரில் சொல்வார்கள். பட்டா அவன் பெயரில் இருந்தால்தான் அந்தப் பழமொழி பலிக்கும். முதல் பப்ளிஷர் முன்பணத்தை நீட்டும்போது கை நடுங்கும், எனக்கும் நடுங்கியது. எதை விட்டுக்கொடுத்தாலும் இரண்டைக் கொடுக்காதீர்கள்: பெயரின் உரிமை, அடுத்த பாகம் செய்யும் உரிமை. ஷூட்டரில் முதல் மாதத்துப் பணம் முக்கியம். நம் தொழிலில் ஆறாவது வருடத்துப் பணம் முக்கியம். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில்தான் அது இருக்கிறது.

6. முதல் இரண்டு மணி நேரத்தில் வாசல் திறக்க வேண்டும்

ஸ்டீமில் கேம் வாங்கிய ஒருவர் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஷூட்டருக்கு இந்த இரண்டு மணி தாராளம். நமக்கு? பல ஸ்ட்ராட்டஜி கேமில் பாடம் சொல்லி முடிக்கவே அவ்வளவு ஆகிவிடும். வாங்கியவர் பாடத்தை முடித்துவிட்டு, பரீட்சைக்கு உட்காராமலே பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

படுத்துவிட்டது என்றேனே, என் முதல் கேம், அது படுத்தது இந்த இடத்தில்தான். வெளியிட இரண்டு மாதம் இருக்கும்போது அக்கா மகனை உட்கார வைத்து ஆடச் சொன்னேன். நான் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். திரையில் ஒரு பெட்டி திறந்தது: தானியம் என்றால் என்ன. அடுத்த பெட்டி: வரி என்றால் என்ன. அடுத்தது: சாலை போடுவது எப்படி. பையன் பொறுமையாக ‘அடுத்து’, ‘அடுத்து’ என்று அமுக்கிக்கொண்டே போனான். பதினோராவது நிமிடம் திரும்பிப் பார்த்துக் கேட்டான்: “மாமா, கேம் எப்ப ஆரம்பிக்கும்?” நான் சிரித்து மழுப்பினேன். வெளியிட்ட பிறகு வந்த விமர்சனங்களில் பாதிக்கு மேல் அவன் கேட்ட கேள்விதான் வேறு வேறு மொழியில் இருந்தது.

எங்கள் பாட்டி ஆடுபுலி ஆட்டம் சொல்லிக்கொடுத்தது நினைவிருக்கிறது. திண்ணையில் கரித்துண்டால் கட்டம் போட்டாள். மூன்று புளியங்கொட்டை புலி, பதினைந்து கூழாங்கல் ஆடு. “ஆட்டை ஒவ்வொண்ணா வை. புலி ஆட்டைத் தாண்டி அந்தாண்டை காலியா இருந்தா வெட்டும். புலி நகர முடியாம அடைச்சிட்டா நீ ஜெயிச்சே.” அவ்வளவுதான் பாடம். முதல் ஆட்டத்தில் எட்டு ஆட்டைப் பறிகொடுத்தேன். மூலையில் வைத்த ஆட்டைப் புலி தாண்ட முடியாது என்பதை அவள் சொல்லவே இல்லை, நானே மூன்றாவது ஆட்டத்தில் கண்டுபிடித்தேன். அந்தக் கண்டுபிடிப்பின் சந்தோஷத்தைத்தான் நாம் விற்கிறோம். பாடப் பெட்டியில் எழுதிவைத்தால் அது போய்விடும்.

7. நியாயம் வேறு, நியாயமாகத் தோன்றுவது வேறு

வெற்றி வாய்ப்பு நான்கில் மூன்று என்று காட்டிவிட்டுத் தோற்கடித்தால் ஆட்டக்காரர் கேம் ஏமாற்றுகிறது என்று நினைப்பார். சிவிலைசேஷன் கேமைத் தந்த சிட் மையர் 2010-இல் ஒரு தொழில்முறை மாநாட்டில் இதை விளக்கினார். நான்கில் ஒரு முறை தோற்பதுதான் கணக்கு, ஆனால் மனசு கணக்குப் போடுவதில்லை. எக்ஸ்காம் 2-இல் எளிய நிலைகளில் குறி தொடர்ந்து தவறினால், திரையில் காட்டுவதைவிடக் கொஞ்சம் கூடுதல் வாய்ப்பைக் கேம் திருட்டுத்தனமாகக் கொடுக்கும். பேரனோடு ஆடும் தாத்தா செய்கிற வேலை அது. எதிராளிக் கணினியை மேதாவியாக்கப் பல மாதம் செலவழிக்காதீர்கள். நன்றாகத் தோற்கத் தெரிந்ததாக ஆக்குங்கள்.

8. வாசலை அகலமாக்குங்கள், வீட்டை இடிக்காதீர்கள்

ஜப்பானின் ஃபயர் எம்பளம் வரிசை விற்பனை தேய்ந்துகொண்டே வந்தது. 2012-இல் ‘அவேக்கனிங்’ பாகம் 2,50,000 பிரதி விற்காவிட்டால் இதோடு மூட்டை கட்ட வேண்டும் என்ற நிலை. அந்த வரிசையின் அடையாளமே, போரில் செத்த வீரன் செத்தவன்தான், திரும்பி வர மாட்டான் என்ற விதி. அவேக்கனிங்கில் அந்த விதி அப்படியே இருந்தது. வேண்டாம் என்பவர்கள் தொடக்கத்திலேயே அதை அணைத்துவிடலாம் என்ற வசதியும் கூடவே இருந்தது. பாத்திரங்களின் உறவும் கல்யாணமும் கதையில் பெரிய இடம் பிடித்தன. விற்றது 20 லட்சத்துக்கு மேல். வரிசை பிழைத்தது.

இதற்கு எதிர்ப்பாடம் 2017-இன் டான் ஆஃப் வார் 3. படை நடத்தும் பழைய ரசிகருக்கும் பிடிக்க வேண்டும், லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் ஆடும் கூட்டத்துக்கும் பிடிக்க வேண்டும் என்று இரண்டையும் ஒரே பானையில் போட்டுக் கிளறினார்கள். பழையவர்கள் முகம் சுளித்தார்கள், புதியவர்கள் எட்டிப் பார்க்கவில்லை. அடுத்து என்ன பாகம் என்ற பேச்சே சீக்கிரத்தில் நின்றுபோனது. விருப்பம் இருந்தால் விலக்கிக்கொள்ளலாம் என்று கொடுப்பது ஒன்று. எல்லாருக்குமாகச் சேர்த்து மாற்றுவது வேறொன்று.

9. பெரிய பெயர் கைவிடும்

எக்ஸ்காம் செய்த அதே ஃபிராக்சிஸ் 2022 டிசம்பரில் மார்வெல் வீரர்களை வைத்து ‘மிட்நைட் சன்ஸ்’ செய்தது. ஸ்பைடர்மேன், அயர்ன்மேன் எல்லாரும் உண்டு. விமர்சனமும் நன்றாகவே வந்தது. விற்பனை எதிர்பார்த்த அளவு இல்லை. மார்வெல் பார்க்கிறவர் சீட்டு வைத்து முறை ஆட வரவில்லை. முறை ஆடுகிறவருக்கு மார்வெல் அவசியமில்லை. உரிமைக்குக் கொடுக்கும் பணத்தில் இன்னும் ஒரு வருடம் கேமை மெருகேற்றலாம்.

10. சின்னக் கட்டத்தில் பெரிய ஆட்டம்

நம் தொழிலுக்கு என்று ஒரு வரம் உண்டு. கதை கேமுக்கு ஒவ்வொரு நிமிடத்தையும் காசு கொடுத்துத் தயாரிக்க வேண்டும். நடிகர், குரல், காட்சி எல்லாம் செலவு. ஸ்ட்ராட்டஜி கேமில் நல்ல விதி ஐந்து அமைந்தால் அவை ஒன்றோடொன்று மோதி நூறு மணி நேர ஆட்டத்தைத் தாமே உண்டாக்கும்.

ஜஸ்டின் மா, மேத்யூ டேவிஸ் என்ற இரண்டு பேர் 2012-இல் ‘எஃப்டிஎல்’ கேமுக்காகப் பொதுமக்களிடம் கேட்டது 10,000 டாலர். திரண்டது 2,00,000 டாலர். அந்த வெற்றிக்குப் பிறகு பெரிய மாளிகை கட்டக் கிளம்பவில்லை அவர்கள். 2018-இல் வந்த ‘இன்டூ தி பிரீச்’ சதுரங்கப் பலகை அளவேதான், எட்டுக்கு எட்டு. உங்களிடம் மூன்று இயந்திர வீரர்கள். எதிரி அடுத்து எங்கே அடிக்கப் போகிறான் என்பதைக் கேமே முன்கூட்டிக் காட்டிவிடுகிறது. எல்லாம் தெரிந்தும் என்ன செய்வது என்று ஐந்து நிமிடம் தாடையைச் சொறிய வைக்கிறது. புதிதாக வருபவர்கள் உலக வரைபடம், நாற்பது நாடு, கடற்போர், மதம், உளவு என்று பட்டியலோடு வருகிறார்கள். நான் அதில் ஒன்றைத் தவிர மற்றதை அடிக்கச் சொல்வேன்.

செல்போனில் கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் கொழித்ததே என்பீர்கள். உண்மை. அதைச் செய்த ஃபின்லாந்தின் சூப்பர்செல்லில் பெரும்பங்கை 2016-இல் டென்சென்ட் தலைமையிலான குழு 860 கோடி டாலருக்கு வாங்கியது. ஆனால் இலவசமாகக் கொடுத்துவிட்டு உள்ளே பணம் வாங்கும் அந்த வியாபாரத்தில், ஆளைக் கூட்டி வர விளம்பரத்துக்கே கொட்ட வேண்டும். ஐந்து பேர் கொண்ட கடைக்கு அந்தச் சந்தை தாங்காது.

11. நட்ட அன்றே விளம்பரப் பலகையும் நடுங்கள், விலையில் கூச்சப்படாதீர்கள்

போலந்தில் பெரும்பாலும் ஒரே ஆளாகப் பல வருடம் உழைத்து ஒருவர் செய்த ‘மேனர் லார்ட்ஸ்’ 2024 ஏப்ரலில் கடைக்கு வந்தபோது, 30 லட்சம் பேருக்கு மேல் அதைத் தங்கள் விஷ்லிஸ்டில் போட்டுக் காத்திருந்தார்கள். முதல் நாளே 10 லட்சம் பிரதி. அவ்வளவு நமக்கு வேண்டாம். ஆனால் கேம் முடிந்த பிறகு கடைப் பக்கம் திறப்பது, கல்யாணம் முடிந்த பிறகு பத்திரிகை அடிப்பது போல. ஸ்டீமில் பக்கம் திறக்கக் கட்டணம் 100 டாலர்தான். முதல் ஆடக்கூடிய வடிவம் வந்ததும் திறந்துவிடுங்கள். நெக்ஸ்ட் ஃபெஸ்ட் என்ற டெமோ திருவிழாவில் ஒரு கேம் ஒரே ஒரு முறைதான் கலந்துகொள்ளலாம். அரைவேக்காட்டை அங்கே கொண்டுபோய் அந்த வாய்ப்பை வீணாக்காதீர்கள்.

மொழிபெயர்ப்பில் சீன மொழி முதலில். 2019-இல் ‘டோட்டல் வார்: த்ரீ கிங்டம்ஸ்’ ஒரே வாரத்தில் 10 லட்சம் விற்றதற்குச் சீனக் கதையும் சீன ஆட்டக்காரர்களும் முக்கியக் காரணம்.

விலையில் நம்மவர்களுக்கு ஒரு கூச்சம் உண்டு; முதல் மாதமே பாதி விலை போட்டுவிடுவார்கள். பிராகில் இருக்கும் ஃபாக்டோரியோ குழுவினர் தங்கள் கேமை ஒருநாளும் தள்ளுபடியில் விற்றதில்லை. 2023-இல் 30 டாலரை 35 ஆக ஏற்றினார்கள். எல்லாராலும் அது முடியாது. ஆனால் நூறு மணி நேரம் ஆடப்போகிறவருக்கு ஐந்து டாலர் பெரிதல்ல என்பதை நினைவில் வையுங்கள்.

கூடுதல் பாகம் விற்பதிலும் ஒரு நாகரிகம் இருக்கிறது. ஸ்வீடனின் பாரடாக்ஸ் 2013-இன் யூரோப்பா யூனிவர்சாலிஸ் 4-க்குப் பத்து வருடத்துக்கு மேல் கூடுதல் பாகங்கள் விற்றுப் பிழைத்தது. அதே பாரடாக்ஸ் 2019-இல் கொண்டுவந்த ‘இம்ப்பரேட்டர்: ரோம்’ ஒல்லியாக இருக்கிறது, மிச்சத்தைப் பிறகு விற்பார்கள் என்று ஆட்டக்காரர்கள் சந்தேகப்பட்டார்கள், இரண்டே வருடத்தில் அதன் வேலை நின்றது. முதல் பந்தியில் சோறு, குழம்பு, ரசம், மோர் எல்லாம் இருக்க வேண்டும். பாயசத்துக்குத் தனியாகக் காசு கேட்கலாம். மோருக்குக் கேட்டால் இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவார்கள்.

12. நம் கதையைச் செய்யுங்கள், பெயரை மட்டும் ஒட்டாதீர்கள்

2025-இல் வந்த சிவிலைசேஷன் 7-இலும் சோழர் இருக்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் நம் அரசர்களை வைத்து வியாபாரம் செய்கிறார்கள், நாம் ஏன் செய்யக் கூடாது என்று கோபத்தோடு வரும் பிள்ளைகளை எனக்குப் பிடிக்கும். ஆனால் ரோமானியப் படை கேமை எடுத்து, கவசத்தைக் கழற்றிவிட்டு வேட்டி கட்டி, புலிக்கொடி ஏற்றினால் அது சோழர் கேம் ஆகிவிடாது.

விதியிலேயே நம் நிலம் வர வேண்டும். 1025-இல் ராஜேந்திரனின் கப்பல்கள் ஸ்ரீவிஜயத்துக்குப் போனது காற்றை நம்பி. ஒரு பருவத்தில் காற்று கிழக்கே தள்ளும், இன்னொரு பருவத்தில் திரும்பக் கொண்டுவரும். இதை அப்படியே விதியாக்குங்கள்: அனுப்பிய படை காற்று மாறும்வரை திரும்பாது, அதுவரை ஊரைக் காக்க ஆள் குறைவு, ஏரிக்கரை உடைந்தால் அடைக்க ஆள் இல்லை. இப்போது ஒவ்வொரு கப்பலையும் அனுப்பும் முன் ஆட்டக்காரர் யோசிப்பார். போலந்திலோ சியோலிலோ இருக்கும் ஒருவர், சோழன் பெயரையே கேள்விப்படாதவர், அந்தத் தவிப்புக்காக வாங்குவார். பெருமை அவருக்கு வேண்டாம், தவிப்பு வேண்டும்.

பன்னிரண்டும் சொல்லியாகிவிட்டது. என் தீர்ப்பைக் கேட்டால்: ஸ்ட்ராட்டஜி கேம் விற்கும், மெதுவாக விற்கும். அந்த மெதுவைத் தாங்குகிற அளவுக்கு மட்டும் கடன் வாங்குங்கள். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கணினியைத் திறக்காமல், உங்கள் ஆட்டத்தை ஒரு நோட்டுத் தாளில் கட்டம் போட்டு, புளியங்கொட்டையும் கூழாங்கல்லும் வைத்து, வீட்டில் யாராவது ஒருவரோடு இந்த ஞாயிற்றுக்கிழமை ஆடிப் பாருங்கள். முடிந்ததும் வாயைத் திறக்காமல் காத்திருங்கள். “இன்னொரு ஆட்டம் போடலாமா?” என்று அவராகக் கேட்டால் என்னை வந்து பாருங்கள். கேட்கவில்லை என்றால் தாளை மடித்து வைத்துவிட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேறு கட்டம் போடுங்கள்.